தலித் வரலாற்று மாதம்: சிறப்புப் பேச்சாளரை அழைத்தால் மட்டும் போதுமா? மாரிகுப்பம் காட்டும் வழி

ஏப்ரல் மாதம் வந்தால் சில கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ஓர் அழைப்பிதழ் சுற்றுகிறது. தலித் வரலாற்று மாதம், சிறப்புரை, நேரம், இடம். பேச்சு, கேள்வி-பதில், சால்வை, குரூப் ஃபோட்டோ. அத்தோடு முடிந்தது.

அமெரிக்காவின் கருப்பின வரலாற்று மாதத்தை முன்மாதிரியாக வைத்து 2015-ல் தொடங்கிய வழக்கம் இது. ஃபுலே பிறந்த ஏப்ரல் 11, அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14 இரண்டும் வருவதால் இந்த மாதம். ஒரு நாள் பேச்சால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பேச்சே பிரச்னை என்று தடுப்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் பதில் சொல்லும் ஓர் ஊர் கர்நாடகத்தில் இருக்கிறது.

கருப்பின வரலாற்று மாதம் எப்படி வந்தது?

இதைத் தொடங்கிய கார்ட்டர் ஜி.உட்சன், அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன். இளம் வயதில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். படிக்கத் தெரியாத சக தொழிலாளர்களுக்கு அவர்தான் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார். 1912-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய 'நீக்ரோ வரலாற்று வாரம்' 1976-ல் மாதமாக வளர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே 1915-ல் ஆய்வுச் சங்கம், 1916-ல் ஆய்விதழ், 1921-ல் சொந்தப் பதிப்பகம் என்று அவர் அடித்தளம் போட்டுவிட்டார். விழா கடைசியில்தான் வந்தது.

கூகுளில் என்ன நடந்தது?

2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி கூகுள் நியூஸ் ஊழியர்களிடம் பேச தேன்மொழி சௌந்தரராஜன் அழைக்கப்பட்டிருந்தார். தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க தலித் செயற்பாட்டாளர் இவர். 'ஈக்வாலிட்டி லேப்ஸ்' அமைப்பின் தலைவர்.

அவர் இந்துக்களுக்கு எதிரானவர் என்று சில ஊழியர்கள் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவர் அதை மறுத்தார். பேச்சு ரத்தானது. சாதிப் பாகுபாட்டுக்குத் தங்கள் நிறுவனத்தில் இடமில்லை என்றும், இந்த நிகழ்ச்சி ஊழியர்களை ஒன்றுசேர்ப்பதற்குப் பதில் பிளவை உண்டாக்கியது என்றும் கூகுள் விளக்கம் சொன்னது. சுமார் 400 ஊழியர்கள் நிகழ்ச்சிக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டும் பலனில்லை. ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார்.

மேடை கூகுளுடையது. கூப்பிட்டதும் அவர்கள், வேண்டாம் என்றதும் அவர்கள். இரவல் மேடையில் இதுதான் சிக்கல்.

சரி, மாரிகுப்பம் எங்கே வருகிறது?

பங்காருபேட்டையிலிருந்து கிளம்பும் ரயில் பாதை முடியும் இடம் மாரிகுப்பம். கேஜிஎஃப் என்றால் பலருக்கு யாஷ் நடித்த படம்தான் நினைவுக்கு வரும். 2024-ல் வந்த பா.இரஞ்சித்தின் 'தங்கலான்' பார்த்தவர்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்களும் நினைவுக்கு வரலாம். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுக்கத் தொடங்கியபோது சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து போன தமிழ் தலித்துகள்.

1898-ல் அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் கிளைகள் உருவாயின. எம்.ஒய்.முருகேசர் போன்றவர்கள் முன்னின்று நடத்தினார்கள். 1907-ல் சென்னையில் அயோத்திதாசர் தொடங்கிய வார இதழ், பின்னாளில் 'தமிழன்' என்று பெயர் பெற்றது. தங்கவயலில் அதற்கு உறுதியான வாசகர்கள் இருந்தார்கள்.

1914-ல் அயோத்திதாசர் மறைந்தார். அதன்பின் இதழ் நின்றுபோனது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் 1926-ல், உட்சன் தன் வரலாற்று வாரத்தைத் தொடங்கிய அதே ஆண்டில், ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. இருவருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. இருவரும் கண்ட தேவை ஒன்றுதான்: நம் வரலாற்றை நாமே அச்சில் ஏற்றாவிட்டால் அது காணாமல் போய்விடும்.

தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. பேச வந்தவர் ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்னதைப் படிக்க ஒரு புத்தகம் அங்கே இருந்தது.

சொந்த மேடை இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. புதிய 'தமிழன்' சுமார் பத்தாண்டுகளில் நின்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமும் மூடப்பட்டது. அதன்பின் பலருக்கு வேலை என்றால் பெங்களூருக்கு ரயில் ஏறுவதுதான். ஊர் கலைந்தால் ஊரின் நினைவும் கலையும்.

அப்போதுதான் நிறுவனங்கள் தேவைப்படுகின்றன. ஞான.அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் ஆய்வு மையம் வழியாக வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் அவரைப் பரவலாகப் படிக்கத் தொடங்கின. 2023 டிசம்பரில் சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. சுரங்க ஊர் காப்பாற்றி வைத்ததை ஒரு கல்லூரி ஊரறியச் செய்தது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

பேச்சாளரைக் கண்டிப்பாக அழைக்கலாம். ஆனால் அழைக்கும் கல்லூரியும் நிறுவனமும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

ஒன்று, எதிர்ப்பு மின்னஞ்சல் வந்தால் யார், எந்த அடிப்படையில் முடிவெடுப்பது? இதை எழுத்தில் வைக்க வேண்டும். இரண்டு, பேச்சு பதிவாகி நூலகத்துக்குப் போகுமா, குறைந்தது ஒரு புத்தகமாவது பாடத்திட்டத்தில் சேருமா? மூன்று, பேச்சாளருக்குச் சால்வையோடு உரிய ஊதியமும் உண்டா? நான்கு, பேச்சைக் கேட்ட ஒருவர் மறுநாள் தனக்கு நேர்ந்த சாதிப் பாகுபாட்டைச் சொல்ல வந்தால், அதைக் கேட்க ஒரு குழு இருக்கிறதா?

இந்த நான்குக்கும் பதில் இல்லையென்றால் குரூப் ஃபோட்டோ மட்டும்தான் மிஞ்சும். அடுத்த ஏப்ரலுக்குப் பேச்சாளர் தேடுபவர்கள் மாரிகுப்பத்திலும் விசாரிக்கலாம். சுரங்கத்தில் இறங்கியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய அதிக காலம் மிச்சமில்லை.