பரிசு மேசையில் கதைப் புத்தகம் ஏன் இல்லை?



கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம் என நம் பகுதியில் எந்த ஊர் மக்தப் மதரஸாவின் ஆண்டு விழாவுக்குச் சென்றாலும் பரிசு மேசை ஏறத்தாழ ஒன்றுபோலவே காட்சி தருகிறது. எவர்சில்வர் தட்டு, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சுவர்க் கடிகாரம். புத்தகம் என்று ஏதேனும் இருந்தால் அது துஆத் தொகுப்பாகவோ, பெரியவர்களுக்காக எழுதப்பட்ட மார்க்க விளக்க நூலாகவோ இருக்கும். எட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்கு ஓடிச் சென்று ஒரே மூச்சில் படித்து முடித்து, மறுநாள் தோழியிடம் சொல்லத் துடிக்கும் ஒரு கதைப் புத்தகம் அந்த மேசையில் இருப்பதில்லை. இதை நாம் ஒரு குறையாகக் கருதுவதும் இல்லை. அதுவே நம் கவலை.

நம் பிள்ளைகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் பேச்சு உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், மதரஸாவில் அரபு. நான்கு எழுத்துகளை எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை, ஒரு மொழியிலேனும் மகிழ்ந்து படிப்பதில்லை. படிப்பு என்றால் ஒப்பித்தல், ஒப்பித்தல் என்றால் அடிக்கு அஞ்சுதல் என்று பிஞ்சு மனம் முடிவு கட்டிவிடுகிறது. இந்த முடிவை மாற்றக்கூடிய எளிய பொருள் கதைப் புத்தகம். அதைத்தான் நாம் பல காரணங்கள் சொல்லி வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். அக்காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“கதை என்பது பொய், பொய்யைப் பிள்ளைக்கு ஊட்டலாமா?” என்பது முதல் காரணம். கதை கேட்பவரும் சொல்பவரும் அதைக் கதை என்று அறிந்தே இருக்கிறார்கள்; அங்கே ஏமாற்று இல்லை. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். இந்தியப் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம் சென்றபின், 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவற்றைக் ‘கலீலா வ திம்னா’ என்று அரபு மொழியில் தந்தார். பேசும் நரிகளையும் சிங்கங்களையும் முஸ்லிம் உலகம் பல நூற்றாண்டுகள் படியெடுத்துப் பாதுகாத்தது. 12-ஆம் நூற்றாண்டில் அந்தலுஸைச் சேர்ந்த இப்னு துஃபைல், ஆளில்லாத் தீவில் ஒரு மானால் வளர்க்கப்பட்ட சிறுவன் தன் அறிவைக் கொண்டே படைத்தவனை உணர்வதாக ‘ஹய் இப்னு யக்ளான்’ என்னும் கதையை எழுதினார். இவர்களெல்லாம் மார்க்கம் அறியாதவர்களா?

“படங்கள் இருக்கின்றனவே” என்பது இரண்டாவது காரணம். உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மதிக்க வேண்டும். ஆனால் அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியையும் நாம் மறந்துவிடலாகாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே இறக்கை கொண்ட ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என்று அன்னையவர்கள் பதில் கூறினார்கள். அதைக் கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். சிறு வயதின் கற்பனைக்கு நபியவர்கள் அளித்த இடம் அது. இன்னொன்றையும் கூறியாக வேண்டும். தொலைக்காட்சியைக் கூடத்தின் நடுவே வைத்துவிட்டு, கைப்பேசியைத் தொட்டிற் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, யானைக்குட்டியின் படம் போட்ட பதினாறு பக்கப் புத்தகத்திடம் மட்டும் பேணுதல் காட்டுவது பேணுதல் ஆகாது.

“பாடப் புத்தகத்தையே படிக்காதவன் கதையைப் படித்து என்ன ஆகப்போகிறது?” என்பது மூன்றாவது. இது நோயாளி பலவீனமாக இருக்கிறார், ஆகவே உணவு வேண்டாம் என்பதைப் போன்றது. விரும்பிப் படித்துப் பழகிய பிள்ளைக்கே விரும்பாத பாடத்தையும் படிக்கும் ஆற்றல் வருகிறது. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுத்தறிவு பெற்றிருந்தோர், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எதிரியிடமிருந்தும் எழுத்தைப் பெற்றுக்கொண்ட சமுதாயம், கதையாசிரியரிடமிருந்து பெறத் தயங்குவது ஏன்?

அடுத்து, நாம் அடிக்கடி எழுப்பும் ஒரு முறையீடு: “சிறுவர் நூல்களில் எங்கள் பிள்ளைகளே வருவதில்லை, வந்தாலும் தொப்பியும் பிரியாணியுமாக வருகிறார்கள்.” இம்முறையீட்டில் உண்மை உண்டு. தன்னைப் போன்ற ஒரு பிள்ளையைப் புத்தகத்தில் காணாத குழந்தை, புத்தகம் வேறு யாருக்கோ உரியது என்று எண்ணிக்கொள்கிறது. ஆனால் பழி முழுவதையும் பிறர்மீது போட்டுவிட முடியுமா? இந்தியச் சிறுவர்கள் அறிந்த பெருநாள் கதைகளுள் புகழ்பெற்றது ‘ஈத்கா’. பெருநாள் சந்தையில் பொம்மைகளையும் தின்பண்டங்களையும் விட்டுவிட்டு, ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல்கள் வேகக்கூடாது என்று கையிலிருந்த மூன்று பைசாவுக்கும் ஓர் இடுக்கி வாங்கிவந்த அநாதைச் சிறுவன் ஹாமிதின் கதை. எழுதியவர் பிரேம்சந்த், அவர் முஸ்லிம் அல்லர். உமறுப் புலவர் முதல் தோப்பில் முஹம்மது மீரான், சல்மா, கீரனூர் ஜாகிர்ராஜா வரை நம்மிடம் வளமான இலக்கிய மரபு இருக்கிறது. நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய மரபும் இருக்கிறது. எனினும் பிள்ளையைப் பாடியவர்கள் பிள்ளைக்காக எழுதியது மிகக் குறைவு. எழுதினாலும் நாம் வாங்கினோமா? அமெரிக்காவில் ஒரு பெரிய பதிப்பகம் 2016-இல் ‘சலாம் ரீட்ஸ்’ என்னும் பெயரில் முஸ்லிம் சிறுவர்களின் வாழ்வைச் சொல்லும் நூல்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது. வாங்கிப் படிப்போர் இருப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்தப் பதிப்பகமும் அவ்வாறு தொடங்காது. அத்தகைய நம்பிக்கையைத் தமிழ்ப் பதிப்பாளர் எவருக்கும் நாம் இதுவரை அளிக்கவில்லை.

அதே நேரத்தில், நம்மை மட்டும் காட்டும் புத்தகம் போதாது. அண்டை வீட்டாரைக் காட்டும் புத்தகமும் வேண்டும். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரிகிறது. விடுமுறை நாளில் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் குடும்பத்தோடு சென்று வருகிறோம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? 1976 வரை அம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்ததும், மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்ததும் தெரியுமா? மலைச் சிற்றூர்களிலும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் வளரும் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகளின் நோன்பைப் பற்றியோ பெருநாளைப் பற்றியோ தெரியுமா? 2024 ஜூன் மாதக் கள்ளச்சாராயச் சாவுகளால் வெளியுலகம் இம்மாவட்டத்தின் பெயரை அறிந்தது. செய்தியில் இடம்பெற்ற ஊர் கதையிலும் இடம்பெற வேண்டாமா? அண்டை வீட்டாரின் உரிமையை இவ்வளவு வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அவர்களை அறிந்துகொள்ளாமலேயே அவ்வுரிமையை எவ்வாறு நிறைவேற்றுவோம்?

ஆகவே, எவற்றை வாங்கலாம் என்று கேட்போருக்குச் சிலவற்றைப் பரிந்துரைக்கிறோம்.

படம் பார்க்கும் வயதினருக்கு, சென்னை தூலிகா பதிப்பகத்தின் படக்கதைகளிலிருந்து தொடங்கலாம். ஃபவுசியா கிலானியின் ‘இஸ்மத்தின் ஈத்’ கதையில், பெருநாளுக்கு வாங்கிய புதுக் கால்சட்டை நீளமாக இருக்கிறது. அதைச் சுருக்கித் தர வீட்டில் எவருக்கும் முதலில் நேரமில்லை. பின்னர் ஒவ்வொருவரும் மனம் மாறி, மற்றவருக்குத் தெரியாமல் சுருக்கிவிடுகிறார்கள். முடிவில் என்ன ஆகும் என்று பிள்ளையே கண்டுபிடித்துச் சிரிக்கும். அப்பதிப்பகமே வெளியிட்ட மகாசுவேதா தேவியின் கதையில் மொய்னா என்னும் பழங்குடிச் சிறுமி ஓயாமல் ‘ஏன்’ என்று கேட்கிறாள். தான் உழைத்துப் பெறும் சோற்றுக்கு நிலவுடைமையாளருக்கு ஏன் நன்றி கூற வேண்டும் என்பதும் அக்கேள்விகளுள் ஒன்று. கல்வராயன் மலையின் ஜாகீர்தார் காலத்தைப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. கையில் பணமில்லை என்போருக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இருக்கிறது. தமிழ்ப் படக்கதைகளை அங்கே கட்டணமின்றிப் படிக்கலாம், அச்சிட்டும் கொடுக்கலாம்.

ஒன்பது, பத்து வயதைக் கடந்தவர்களுக்குத் தமிழில் இப்போது நல்ல புதினங்கள் வருகின்றன. 2020-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, உடல் பாதுகாப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுகிறது. வீட்டில் நாம் பேச நாணுவதையும் மதரஸாவில் பேசத் தயங்குவதையும் அச்சமூட்டாமல் பேசுகிறது. மௌனம் பிள்ளையைக் காப்பாற்றாது என்பதை உணர்ந்த ஒவ்வொரு தாயும் இதை முதலில் தாம் படித்து, பின்னர் மகளுக்கும் மகனுக்கும் கொடுக்க வேண்டும். 2023-இல் விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியின் தொன்மையைச் சிறுவர் கதையாக்குகிறது. இம்மண்ணின் பழமையில் தனக்கும் பங்குண்டு என்று நம் பிள்ளை உணர அது உதவும். 2025-இல் விருது பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வையும் இவ்வயதினர் கையில் தரலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு, வைக்கம் முகம்மது பஷீரின் ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’. பழம்பெருமையில் மூழ்கிக் கிடக்கும் ஒரு முஸ்லிம் வீட்டில், எழுத்தறியாத பெண்ணொருத்தி அண்டை வீட்டுத் தோழியிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளும் இக்கதை நம் வீடுகளுக்கென்றே எழுதப்பட்டது போல் இருக்கிறது.

எல்லா நூல்களும் எல்லா வீடுகளுக்கும் ஒத்துவரும் என்று நாம் கூறவில்லை. பெற்றோர் முதலில் படியுங்கள். ஒத்துவராத இடத்தைப் பிள்ளையோடு பேசுங்கள். பேசத் தெரிந்த பெற்றோருக்குத் தடை செய்ய வேண்டிய தேவை மிகக் குறைவாகவே நேரும்.

இனிச் செய்ய வேண்டியவை. வரும் ஆண்டு விழாவில் எவர்சில்வர் தட்டுக்கு ஒதுக்கும் தொகையைக் கதைப் புத்தகத்துக்கு ஒதுக்கும்படி ஜமாஅத் நிர்வாகத்தைக் கேளுங்கள். மக்தபின் ஒரு மூலையில் ஓர் அலமாரி வையுங்கள், பூட்டாமல் வையுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். ஆகவே ஊர் நூலகத்தில் பிள்ளைகளை உறுப்பினராக்கிச் சிறுவர் நூல்களைக் கேட்டு வாங்குங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குச் செல்லும்போது அப்பளத்தோடும் பஞ்சு மிட்டாயோடும் திரும்பிவிடாதீர்கள்.

மலைக்கும் கொண்டு செல்லுங்கள். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். வெள்ளிமலைக்கு இன்று பேருந்தே செல்கிறது. அருவிக்குச் செல்லும் குடும்பம் ஒவ்வொன்றும் ஐந்து புத்தகங்களை எடுத்துச் சென்று ஒரு மலைப் பள்ளியில் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், அது நிலைத்து நிற்கும் சதகாவாக அமையும்.

ஒரு சிறுவன் வளர்த்த குருவி இறந்தபோது, அபூ உமைரே என்று அவனை அழைத்து அக்குருவியைப் பற்றி விசாரித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். பெரும் பொறுப்புகளுக்கிடையே ஒரு குழந்தையின் சிறு உலகத்துக்குள் இறங்கிவர அவர்களுக்கு நேரமிருந்தது. நம் வீடுகளில் இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் கைப்பேசியை ஒதுக்கி வைத்து, பிள்ளையை மடியில் அமர்த்தி ஒரு கதையைப் படித்துக் காட்ட நமக்கு நேரமில்லை என்று எவ்வாறு கூறுவோம்?