நூலில் தொங்கிய பென்சில் குச்சி

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போன மாதம் ஒரு ஃபிளெக்ஸ் பார்த்தேன். கோட்டு போட்ட பேராசிரியர் ஒருவர் கைகட்டி நிற்கிறார். ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி’ என்று வாழ்த்து. ஒட்டினாற்போல் ஒரு காதணி விழா ஃபிளெக்ஸ்.

தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகனிடம் கேட்டேன். அவன் கிராஃபீனில் ஆராய்ச்சி மாணவன். “அது என்னடே ரெண்டு பர்சென்ட்?”

“சைட்டேஷன் கணக்கு மாமா. நம்ம பேப்பரை எத்தனை பேப்பர்ல சொல்லியிருக்காங்கன்னு பாத்து வருஷா வருஷம் பட்டியல் போடுவாங்க. எனக்கு எச்-இன்டெக்ஸ் இப்ப நாலு.”

நாலு கட்டுரைகள், ஒவ்வொன்றும் நாலு இடத்திலாவது எடுத்துச் சொல்லப்பட்டிருந்தால் நாலு. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த அளவுகோல். கேட்கக் கேட்க எனக்கு மொய் நோட்டு ஞாபகம்தான் வந்தது. நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன். தன் வீட்டு விசேஷத்துக்குத் தானே எழுதிக்கொள்கிறவர்களும் உண்டாம். அதைக் கழித்துப் பார்க்கத் தனி எண்ணே வைத்திருக்கிறார்கள்.

கிராஃபீனில் பெரிய மொய் விழுந்தது 2004 கட்டுரைக்கு. மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஓர் அணு கனத்துக்குக் கொண்டுவந்தார்கள்; அதுதான் கிராஃபீன். ‘நேச்சர்’ இதழ் வேண்டாம் என்றது, ‘சயின்ஸ்’ போட்டது. 2010இல் நோபல். இன்று அதை எடுத்துச் சொன்ன கட்டுரைகள் பல பத்தாயிரம்.

கிராஃபைட் என்றதும் எனக்கு மனசு போனது வத்திராயிருப்புக்கு. இங்கிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் அந்த ஊர். 1898இல் அங்கே பிறந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன். ராமன் விளைவில் கூட நின்றவர் என்பதோடு நம் பாடப்புத்தகம் அவரை விட்டுவிடும். 1930களில் கல்கத்தாவில் அவர் செய்த வேலைதான் எனக்குப் பெரிசு.

முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். மேலே இழையின் தலையைத் திருகிக்கொண்டே போவார். காந்தம் பிடித்து வைத்திருப்பதால் படிகம் இடம் கொடுக்காது. முறுக்கு ஏறி ஏறி, ஒரு கோணத்தில் பிடி விட்டுப்போய் படக்கென்று திரும்பிக்கொள்ளும். அந்தக் கோணத்தை வைத்து, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

கிராஃபைட் என்பது அடுக்கிவைத்த தாள்கட்டு; ஒரு மில்லிமீட்டரில் முப்பது லட்சம் தாள். காந்தத்தைக் கண்டால் விலகுகிற பொருள். தாளுக்குச் செங்குத்தான திசையில் அந்த விலகல், தாளோடு போகிற திசையில் இருப்பதைவிடச் சுமார் 40 மடங்கு. தாளுக்குள்ளேயே ஓடுகிற எலக்ட்ரான்கள்தான் காரணம், கார்பன் அணுவுக்கு ஒன்று வீதம் என்று கங்குலி என்பவரோடு சேர்ந்து கிருஷ்ணன் 1941இல் எழுதினார். தாள் தனியாகக் கைக்கு வர இன்னும் 63 வருஷம் இருந்தது.

முழு விளக்கம் அதுவல்ல. அதற்கு 1947இல் வாலஸ், 1956இல் மெக்ளூர் என்ற இயற்பியலாளர்கள் வரவேண்டியிருந்தது. ஆனால் தட்டையான உலகத்தில் ஓடும் எலக்ட்ரான் என்ற பேச்சு அந்த இழையில் ஆடியிருக்கிறது. (இதே விலகும் குணத்தை வைத்துத்தான் கெய்ம் 1997இல் ஒரு தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டார். அதற்கு இக் நோபல் என்ற கிண்டல் பரிசு கிடைத்தது.)

அன்று ராத்திரி மருமகன் மைக்ரோ டிப் பென்சிலிலிருந்து ஒரு கிராஃபைட் குச்சியை உருவி, அக்காவின் தையல் நூலில் பிரித்த ஒற்றை இழையில் நடுவே கட்டித் தொங்கவிட்டான். ஃபேனை அணைத்தோம். குச்சி ஆடி ஓயவே அஞ்சு நிமிஷம். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய காந்தத்தை நுனிக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். குச்சி, பிடிக்காத உறவுக்காரரைக் கல்யாண வீட்டில் பார்த்ததுபோல, மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தது. அக்காகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

“உன் தீசிஸ்ல அந்த 1941 பேப்பரைச் சேரு” என்றேன்.

“சேக்கலாம் மாமா. ஆனா கைடு அடிச்சிருவாரு. கடைசி அஞ்சு வருஷத்துப் பேப்பராப் போடுன்னு சொல்லியிருக்காரு.”