சிவப்பு மையில் சுழிக்கப்பட்ட சொல்

ஒரகடத்தை ஒட்டிய சேரியிலிருந்து மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய் ஆனர்ஸ் படிக்கிற தங்கை ஒருத்தி, தன் ஆய்வு முன்மொழிவை என்னிடம் கொண்டுவந்தாள். “எங்கள் ஊர் நிலம் யார் யார் கை மாறிக் கம்பெனிக்குப் போனது? அதே கம்பெனியில் இன்று கான்ட்ராக்டில் பெருக்கித் துடைப்பவர்கள் யார்?” இதுதான் அவள் கேள்வி. நெறியாளர் ‘சாதி’ என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் சுழித்து, “புறவயப் பார்வை இல்லை. ‘திறன் மேம்பாடு’ என்று மாற்றவும்” என்று எழுதியிருந்தார்.

என் முனைவர் பட்ட முன்மொழிவுக்கும் இதே குறிப்பு வந்தது. நான் மாற்றினேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறைப்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு எடுத்தவருக்கே நான்காம் ஆண்டில் ஆய்வு. அந்தக் கதவையும் தாண்டி வந்தவளிடம்தான் சொல்லை அடி என்கிறார்கள். ஊரில் கம்பெனி வந்ததால் வளர்ச்சி என்று எழுதும் ஆதிக்க சாதி மாணவரிடம் புறவயப் பார்வையை யார் கேட்டார்கள்?

1916 மே 9 அன்று கொலம்பியாவில், கோல்டன்வைசரின் வகுப்பில், 25 வயது மாணவர் அம்பேத்கர் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை படித்தார். செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் நால்வரின் வரையறைகளையும் எடுத்துவைத்து, எது எங்கே போதவில்லை என்று காட்டிய பிறகே அகமணத்துக்கு வந்தார். முன்மொழிவில் ‘முந்தைய ஆய்வுகள்’ பகுதி இருப்பது இதற்குத்தான். பெரிய மனிதர்களுக்குக் கும்பிடு போட அல்ல.

தரவு எங்கே என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டப் பறையர்களின் நிலமற்ற நிலை பற்றி 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் அனுப்பிய அறிக்கையிலிருந்துதான் 1892இன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பத்தாண்டு விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம். அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். இதற்குப் பெயர் திறன் மேம்பாடா?

அவளிடம் சொன்னேன்: தாலுகா முழுக்க அலையாதே, ஒரே ஒரு வருவாய்க் கிராமம் எடு. பழைய ‘அ’ பதிவேட்டையும் இன்றைய பட்டாவையும் சர்வே எண் வாரியாகப் பக்கத்தில் வை. தாலுகா ஆபீசில் இழுத்தடிப்பார்கள். தகவல் உரிமை மனுவுக்கான 30 நாளையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள். பேட்டிக்கு இருபது வீடு போதும், ஆனால் ஊர்த்தெருவிலும் ஏறிக் கேள். அவளுக்கு அதுதான் பயம். எனக்கும்.

திங்கட்கிழமை கடைசி நாள். தலைப்பில் ‘சாதி’ இருக்கிறது. கையெழுத்துப் போட மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.