லடாக் கனவு, சாக்கன் டிராஃபிக்: டூயல்-ஸ்போர்ட் பைக் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

டூயல்-ஸ்போர்ட் பைக் விளம்பரத்தில் லடாக் வரும், ஓடையைக் கடக்கும் சக்கரம் வரும், தூசி பறக்கும். காலை எட்டரை மணி சாக்கன் டிராஃபிக் மட்டும் வராது. ஆனா, வாங்கிய பைக் அதிக நேரம் நிற்கப்போவது அங்கேதான்.

புனேவுக்கு வடமேற்கே இருக்கும் தளேகாவ், இந்த வகை பைக்குகளைப் பற்றி யோசிக்கப் பொருத்தமான ஊர். ஒரு பக்கம் சஹ்யாத்ரி மலை. இன்னொரு பக்கம், சுமார் 20 கி.மீ. தூரத்தில் சாக்கன் தொழிற்பகுதி. கேடிஎம் பைக்குகளைத் தயாரிக்கும் பஜாஜ் ஆலையும் கவாஸாகி ஆலையும் அங்கேதான் இருக்கின்றன. வேலைக்காக இங்கே வந்து தங்கியிருக்கும் தமிழருக்கு வார இறுதியில் மலைப்பாதை வேண்டும், பொங்கலுக்குச் சுமார் 1,200 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னைக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒரே பைக்கில் முடிக்கலாமா?

எது டூயல்-ஸ்போர்ட்?

நம்பர் பிளேட்டோடு தார் ரோட்டிலும் ஓடும், மண்ணிலும் கல்லிலும் இறங்கும் பைக்தான் டூயல்-ஸ்போர்ட். பெரிய முன்சக்கரம், நீளமாக அமுங்கி எழும் சஸ்பென்ஷன், உயரமான சீட் ஆகியவை அடையாளம். இதில் நீண்ட பயணத்தின் பக்கம் சாய்ந்தவற்றை அட்வென்ச்சர் டூரர் என்கிறார்கள். இந்தியாவில் கிடைக்கும் நான்கை எடை வரிசையில் பார்க்கலாம்.

கவாஸாகி கேஎல்எக்ஸ் 230: 139 கிலோ, 18 குதிரைத்திறன், 7.6 லிட்டர் டேங்க், 880 மி.மீ. சீட்.
ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210: 168 கிலோ, சுமார் 24 குதிரைத்திறன், 13 லிட்டர், 830 மி.மீ.
கேடிஎம் 390 எண்டியூரோ ஆர்: பெட்ரோல் போடாமலே 159 கிலோ, சுமார் 46 குதிரைத்திறன், 9 லிட்டர், 860 மி.மீ.
ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 196 கிலோ, சுமார் 40 குதிரைத்திறன், 17 லிட்டர், 825 மி.மீ.

கேஎல்எக்ஸ், எண்டியூரோ ஆர் இரண்டும் மண்ணுக்காகவே செய்தவை. ஹிமாலயன் பயணத்துக்கானது. எக்ஸ்பல்ஸ் நடுவில் நிற்கிறது.

உங்கள் கிலோமீட்டர் எங்கே போகிறது?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். தளேகாவில் வீடு, சாக்கனில் வேலை. போக வர 40 கி.மீ., வருடத்துக்கு 240 வேலை நாள் என்றால் 9,600 கி.மீ. வருடத்துக்கு ஒருமுறை சென்னை போய்த் திரும்ப 2,400 கி.மீ. மாதம் ஒருமுறை 30 கி.மீ. மண்பாதை என்றால் 360 கி.மீ. மொத்தம் 12,360 கி.மீ.

இதில் ஆபீஸ் 78%, நீண்ட பயணம் 19%, ஆஃப்-ரோடு 3%. நாம் ஷோரூமுக்குப் போவது பெரும்பாலும் அந்த 3 சதவீதத்தை மனதில் வைத்துத்தான். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனா, பேப்பரில் எழுதிப் பார்க்காமல் இஎம்ஐயில் கையெழுத்துப் போட வேண்டாம்.

மண்ணில் எடைதான் பேசும்

3% என்று ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் பைக் கீழே விழும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். இந்திராயணி அரிசி விளையும் மாவள் பகுதியில், மழைக்காலச் சேறு டயரில் அப்பிக்கொண்டால் எந்த பைக்கும் வழுக்கும். விழுந்த பைக்கைத் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டியது நீங்கள்தான். கேஎல்எக்ஸுக்கும் ஹிமாலயனுக்கும் வித்தியாசம் 57 கிலோ, அதாவது ஒரு சிமென்ட் மூட்டையை விட அதிகம். மாலையில், களைத்துப்போய், மூன்றாவது முறை தூக்கும்போது இந்த வித்தியாசம் முதுகில் தெரியும்.

எடை குறைந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 880 மி.மீ. சீட்டில் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியாது. சாக்கன் சிக்னலில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போகும்போது அதுவும் ஒரு ஆபத்துதான்.

நெடுஞ்சாலைக்குப் பெரிய இன்ஜின் அவசியமா?

தளேகாவை ஒட்டியே மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே போகிறது. ஆனா, அதில் பைக்குக்கு அனுமதி இல்லை. லோனாவாலா போக வேண்டும் என்றால் பழைய நெடுஞ்சாலைதான். 2025 ஜூனில் முழுமையாகத் திறக்கப்பட்ட 701 கி.மீ. சம்ருத்தி மகாமார்க்கிலும் இதே தடை. பெங்களூரு–மைசூரு சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குகளுக்கு இடமில்லை. வேகச் சாலைகள் கூடக் கூட, பைக்கர்களுக்கு மிஞ்சுவது பழைய சாலை, சர்வீஸ் ரோடு, மலைவழி.

வேக வரம்பையும் பாருங்கள். மத்திய அரசின் 2018 அறிவிப்பு, நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்த உச்சவரம்பு மணிக்கு 80 கி.மீ. தனியாளாக அந்த வேகத்தில் போக 24 குதிரைத்திறன் தாராளம். பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பை, முன்னால் காட் ஏற்றம், ஓவர்டேக் பண்ண வேண்டிய லாரி என்றால் கதை வேறு. அங்கே 40 குதிரைத்திறனின் நிதானம் உண்மையிலேயே பாதுகாப்பு.

டேங்க்கையும் கணக்கில் சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் லிட்டருக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், கேஎல்எக்ஸ் 228 கி.மீ. ஓடும், எண்டியூரோ ஆர் 270, எக்ஸ்பல்ஸ் 390, ஹிமாலயன் 510. சென்னை வழியில் பங்குகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் அங்கே இது வெறும் அசௌகரியம். லடாக்கில் அதுவே கவலை.

350 சிசி என்ற கோடு

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இந்தத் தேர்வில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுவரை 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28%, அதற்கு மேல் செஸ்ஸோடு சேர்த்து 31%. இப்போது 350 வரை 18%, அதற்கு மேல் 40%.

வரிக்கு முன் 2 லட்ச ரூபாய் விலையுள்ள இரண்டு பைக்குகளை எடுத்துக்கொள்வோம். முன்பு கோட்டுக்குக் கீழே 2,56,000, மேலே 2,62,000. வித்தியாசம் 6,000 ரூபாய். இப்போது 2,36,000, 2,80,000. வித்தியாசம் 44,000 ரூபாய்.

இன்ஷூரன்ஸிலும் அதே 350-தான் எல்லை. 2022 ஜூனில் அமலான கட்டணப்படி, புது பைக்குக்குக் கட்டாயமான ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 150 முதல் 350 சிசிக்கு 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய்.

மேலே சொன்ன நான்கில் கேஎல்எக்ஸும் எக்ஸ்பல்ஸும் கோட்டுக்குக் கீழே, கேடிஎம்மும் ஹிமாலயனும் மேலே. நிறுவனங்கள் வரியில் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்கலாம் என்பதால், ஷோரூமில் அன்றைய ஆன்-ரோடு விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ எது?

தனியாக ஓட்டுபவர், ஆபீஸும் மண்பாதையும் முக்கியம், ஊருக்கு வருடத்தில் ஓரிரு முறை: கோட்டுக்குக் கீழே இருக்கும் நடுத்தர எடை பைக் போதும். மிச்சமாகும் 40, 50 ஆயிரத்தில் நல்ல ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட், முழங்கால் கவசம், பூட்ஸ் எல்லாம் வாங்கலாம். விழும்போது காப்பாற்றுவது அவைதான். 21 இன்ச் முன்டயருக்கு ஒரு ஸ்பேர் டியூபும் வையுங்கள், எல்லா பஞ்சர் கடையிலும் அது கிடைக்காது.

ஜோடியாக, லக்கேஜோடு, வருடத்தில் பல ஆயிரம் கி.மீ. போகிறவர்: அதிக வரியையும் எடையையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டு ஹிமாலயன் வகைக்குப் போகலாம். வேறு வண்டி வீட்டில் இருக்கிறது, மண் மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு மட்டுமே கேஎல்எக்ஸ், எண்டியூரோ ஆர்.

கடைசியாக ஒன்று. எந்த பைக்காக இருந்தாலும் வயலுக்குள்ளும் பீமாசங்கர் சரணாலயக் காட்டுக்குள்ளும் விட்டு ஓட்ட அது லைசென்ஸ் இல்லை. முடிவெடுக்கும் முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, ஒருமுறை தரையில் சாய்த்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாத பைக்கை மலைக்குத் தனியாகக் கொண்டு போகாதீர்கள்.