பரிசுக்காகத் திறக்கும் வங்கிக் கணக்குகள்: இலாபம் யாருக்கு?

எங்கள் பெரிய மாமா வஃபாத்தான சில வாரங்களுக்குப் பின் அவருடைய இரும்பு அலமாரியைத் திறந்தபோது, ஏழு வங்கிகளின் பாஸ்புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று, பயணப் பெட்டி இலவசம் என்று சொன்னதற்காகத் திறந்தது. மற்றொன்று, டெபிட் கார்டுக்குப் பெட்ரோல் தள்ளுபடி உண்டு என்று கேட்டுத் திறந்தது. மாமிக்கு மூன்று வங்கிகளின் பெயர்கள் மட்டுமே தெரிந்திருந்தன. இரண்டு கணக்குகளில் பதிவாகியிருந்த செல்பேசி எண் எப்போதோ கைவிடப்பட்டிருந்தது. ஒரு கணக்கில் நாமினியின் பெயரே இல்லை. ஏழையும் முடித்து வைக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அவற்றுள் நான்கு கணக்குகளில் இருந்த மொத்தத் தொகை பதினோராயிரம் ரூபாய்ச் சொச்சம்.

பயணப் பெட்டியின் காலம் போய்விட்டது. இன்று அதன் இடத்தில் கேஷ்பேக், ரிவார்டு பாயிண்ட், விமான நிலைய ஓய்வறை அனுமதி, சினிமாச் சீட்டு, இணையக் கடைத் தள்ளுபடி ஆகியவை வந்திருக்கின்றன. வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலரிடம் நான்கைந்து கணக்குகள் இருப்பது வியப்பான செய்தியன்று. இந்தப் பரிசுகளுக்காக இத்தனை கணக்குகளைக் கட்டி மேய்ப்பது தகுமா என்பதை ஒருமுறை அமர்ந்து சிந்திப்பது நல்லது.

முதலில் பரிசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாம் கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் வங்கிக்கு ஒரு கட்டணம் செலுத்துகிறார். டெபிட் கார்டுகளுக்கு அக்கட்டணத்தின் உச்சவரம்பைச் சிறு வணிகர்களுக்கு 0.4 சதவீதம், ஏனையோருக்கு 0.9 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி 2018 முதல் நடைமுறைப்படுத்தியது. 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐ பணப்பரிமாற்றத்துக்கும் அக்கட்டணமே இல்லை. வருமானம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, டெபிட் கார்டின் வழியே பெரிய பரிசு தொடர்ந்து வரும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. எனவே வங்கிக்கு வேறு ஆதாயம் வேண்டும். நாம் குறைந்தபட்ச இருப்பாக விட்டுவைக்கும் பணமும், நாம் மறந்துபோகும் கட்டணங்களும் அந்த ஆதாயத்தில் அடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் ஐந்து கணக்குகள் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் ரூபாய் இருப்பு வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் அசையாமல் கிடக்கிறது. எல்லாச் சலுகைகளும் சேர்ந்து மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 3,600 ரூபாய் கிடைப்பதாகக் கொள்வோம். கார்டு ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் 200 ரூபாயும் அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் என்றால், ஐந்து கார்டுகளுக்கு 1,180 ரூபாய் போயிற்று. ஒரே ஒரு மாதம் இருப்பு குறைந்து, வரியோடு 590 ரூபாய் அபராதம் விழுந்தால், மிஞ்சுவது 1,830 ரூபாய். இதற்காக அவர் மாதம் நான்கு மணி நேரம் செலவிடுகிறார் என்றால், ஒரு மணி நேரத்துக்கு அவர் பெறும் கூலி 38 ரூபாய். பரிசு கிடைக்கிறதே என்று தேவையற்ற பொருளை ஒரே ஒருமுறை வாங்கிவிட்டால் அதுவும் கரைந்துவிடும்.

ரூபாய்க் கணக்கு இத்துடன் முடிகிறது. நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பொருளை எப்படி ஈட்டினோம், எதில் செலவிட்டோம் என்று மறுமையில் கேட்கப்படுவோம் என நம்புகிறவர்கள் நாம்.

வங்கியில் நாம் வைக்கும் பணத்தை மார்க்க அறிஞர்கள் பலர் வங்கிக்கு நாம் கொடுத்த கடனாகவே கருதுகிறார்கள். ஆகவே, இவ்வளவு தொகையை இத்தனை மாதம் வைத்திருந்தால் இந்தப் பரிசு என்று நிபந்தனையிட்டுத் தருவது, கடனுக்குப் பெறும் ஆதாயத்தின் சாயலைப் பெறுகிறது. பொருள் வாங்கும்போது விலையில் கிடைக்கும் தள்ளுபடியின் நிலை வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, 'எல்லாம் அன்பளிப்புதானே' என்று கடந்துவிடலாகாது. ஐயம் எழுந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம், சலுகையின் நிபந்தனையை அப்படியே எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். நிபந்தனையை மறைத்துக் கேட்டால் விடையும் பாதியாகவே வரும்.

அடுத்தது வட்டி. சேமிப்புக் கணக்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வட்டி வரவு வைக்கப்படும். ஐந்து கணக்குகள் என்றால் ஆண்டுக்கு இருபது வரவுகள். அவற்றைப் பிரித்தெடுத்து, நன்மையை எதிர்பாராமல் தேவையுடையோருக்குக் கொடுத்துவிடுவதை வழக்கமாகக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே பல. ஒரு கணக்கில் எளிதாக நிறைவேறும் அந்தப் பேணுதல், ஐந்து கணக்குகளில் சிதறும்போது தளர்ந்துபோகிறது. வேண்டாம் என்று ஒதுக்கியது, கவனக்குறைவால் நம் சோற்றில் கலந்துவிடுகிறது.

ஸகாத்தின் நிலையும் அதுவே. 85 கிராம் தங்கத்தின் மதிப்பை நிஸாபாகக் கொண்டாலும் சரி, 595 கிராம் வெள்ளியின் மதிப்பைக் கொண்டாலும் சரி, எல்லாக் கணக்குகளின் இருப்பையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பரிசுக்காக ஒதுக்கி வைத்த ஐம்பதாயிரமும் அதில் சேரும். ரமளானில் ஸகாத் கணக்கிடும்போது ஒரு கணக்கு நினைவுக்கு வராமல் போனால், அதன் இரண்டரை சதவீதம் ஓர் ஏழையின் கைக்குச் செல்லாமல் நம்மிடமே தங்கிவிடுகிறது.

எல்லாவற்றினும் கனமானது வாரிசுரிமை. இரண்டு ஆண்டுகள் நாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். வங்கி சேர்க்கும் வட்டி பரிவர்த்தனையாகக் கருதப்படாது. பத்து ஆண்டுகள் எவரும் கோராத தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதன் பிறகும் கேட்டுப் பெறலாம். தேடுவதற்கு 'உத்கம்' என்ற இணையத்தளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கியது. ஆனால் அப்படியொரு கணக்கு இருக்கிறது என்று சந்தேகிப்பவருக்கே தேடத் தோன்றும். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே. அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. மௌத்தானவரின் கடனும், கொடுபடாத மஹரும் தீர்ந்த பின், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று எனப் பங்குகள் வரையறுக்கப்பட்டுள்ளன. மறந்துபோன கணக்கு ஒவ்வொன்றிலும் இவர்களின் பங்கு பூட்டிக் கிடக்கிறது.

இதனால் எல்லாருக்கும் ஒரே கணக்கு போதும் என்று நான் சொல்ல வரவில்லை. வைப்புத் தொகைக் காப்பீடு 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரையே உண்டு. அதற்கு மேல் வைத்திருப்பவர் இரண்டு வங்கிகளில் பிரித்து வைப்பது அறிவுடைமை. கடையின் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனியே வைப்பதும், இணைய மோசடிக்கு அஞ்சிச் சிறு தொகையோடு ஒரு கணக்கைச் செல்பேசிப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்குவதும் நியாயமான காரணங்களே. இக்கணக்குகளுக்கு ஒரு தேவை இருக்கிறது. பரிசுக்கான கணக்குக்கோ, பரிசு வந்து சேர்ந்த மறுநாளே வேலை முடிந்துவிடுகிறது. பொறுப்பு மட்டும் தொடர்கிறது.

தேவையற்ற கணக்கைப் பணத்தை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். கிளைக்குச் சென்று, இருப்பை மாற்றி, கார்டை ஒப்படைத்து, கணக்கு மூடப்பட்டதற்கு எழுத்துமூலமான சான்று பெறுங்கள். திறந்த ஓராண்டுக்குள் மூடினால் பல வங்கிகள் கட்டணம் கேட்கும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எஞ்சியிருக்கும் கணக்குகளில் நாமினியின் பெயரும் செல்பேசி எண்ணும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமான 2:282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நம் வீடுகளில், குடும்பத் தலைவரின் வங்கிக் கணக்குகள் அவருடைய மனைவிக்குக்கூடத் தெரியாமல் இருப்பது பொருந்துமா? இன்றிரவே ஒரு தாளை எடுத்து, உங்கள் கணக்குகளையும், வர வேண்டியதையும், கொடுக்க வேண்டியதையும் எழுதி மனைவியிடமோ மூத்த பிள்ளையிடமோ கொடுங்கள். பார்க்காமல் எழுத முடியாத கணக்கு எதுவோ, அதுவே முதலில் மூட வேண்டிய கணக்கு.

மாமி அந்தப் பயணப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார். ஒன்றரை ஆண்டு வங்கி வங்கியாகச் சுமந்து அலைந்த காகிதங்கள்தான் இப்போது அதனுள் இருக்கின்றன.