மலையைப் பாடுதலும் மலையை அறிதலும்

இயற்கையைப் பாடும் கவிதைகளை நம் மாணவர் கற்கும் முறையிலே ஒரு குறை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. உவமை இன்னது, உருவகம் இன்னது, தற்குறிப்பேற்றம் இன்னது என்று இலக்கணங் கூறவும், எடுத்துக்காட்டுத் தரவும் அவர்கள் வல்லவர். ஆயின், அவ்வுவமை பொருந்துமா, அதனைச் சொன்னவர் எங்கு நின்று சொன்னார், அதனுள் மறைந்து கிடப்பது யாது என வினவின் விடை வருவதில்லை. அணியின் பெயரை அறிதல் அணியை அறிதல் ஆகாது. இதனை நம் நாட்டு மலையகத்தையே சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ சுற்றுலாச் சென்று மீண்டவர் கட்டுரை எழுதப் புகுந்தால், தேயிலை மலையைப் ‘பச்சைக் கம்பளம்’ என்னாது விடுதல் அரிது. உவமம் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் வழிப் பிறக்கும் என்றார் தொல்காப்பியர். அந்நான்கையும் உரைகல்லாகக் கொண்டு இக்கம்பளத்தை உரைத்துப் பார்ப்போம். உரு, அஃதாவது நிறம், பொருந்துகின்றது. மெய், அஃதாவது வடிவு, பெருந்தெருவில் நின்று காண்பார்க்கு மட்டும் பொருந்துகின்றது. நிரைக்குள் இறங்கியவர்க்கோ இடுப்பளவு செடியும், முறுகிய கிளையும், வழுக்குஞ் சரிவும், அட்டைக்கடியுமே தெரியும். வினையும் பயனும் சிறிதும் பொருந்தா. கம்பளம் மிதித்தற்கு விரிக்கப்படுவது. தேயிலை கிள்ளக் கிள்ளத் துளிர்ப்பது. தானே வளர விட்டால் மரமாய் ஓங்கக்கூடிய அதனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, மட்டக்கம்பு வைத்துக் கொழுந்தெடுத்து, சமதளமாக்கி வைத்திருப்பவை மனிதக் கைகள். எந்தச் சமதளத்தைக் கண்டு கம்பளம் என்றோமோ, அந்தச் சமதளமே உழைப்பின் விளைவு. ஆனால் ‘கம்பளம்’ என்ற சொல் அவ்வுழைப்பையே மூடிவிடுகின்றது. இது வெறுஞ் சொற்குற்றம் அன்று. ஒரு மக்கட் கூட்டத்தையே காணாது விடுகின்ற குற்றம்.

தமிழ் மரபு இவ்வாறு பார்க்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அகத்திணைக் கருப்பொருள்களை வகுத்த தொல்காப்பியர், மரமும் விலங்கும் பறவையும் போலவே உணவையும் பறையையும் தொழிலையும் அவற்றுடன் வைத்தார். குறிஞ்சி என்றால் மலையும் அருவியும் மட்டுமல்ல. தினை காத்தலும் தேன் எடுத்தலும் குறிஞ்சியே. தொழிலை நீக்கிய நிலக்காட்சி நம் முன்னோர்க்கு நிறைவான காட்சியாகத் தோன்றவில்லை. ஆகவே, தேயிலை மலையைப் பாடும் கவிதையிற் கொழுந்துக்கூடையும், படங்கும், கம்பளிப் போர்வையும், அதிகாலையிற் பிரட்டுக்கு அழைத்த தப்பின் ஒலியும் வருமாயின், ‘இயற்கைக் கவிதையில் இவை எதற்கு?’ என வினவுவார் மரபறியாதவரே யாவர்.

இதனை நன்குணர்ந்து பாடியவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914ஆம் ஆண்டிலே மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அப்பெருமகன், மலையக மக்களின் வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாகப் பாடினார். அது சக்தீ பால ஐயாவின் தமிழாக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என 1969இல் வெளிவந்தது. அக்கவிதையிலும் பனியும் விடியலும் தேயிலையும் உள. ஆயினும் அவை அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. காடழித்துக் கோப்பியும், பின்பு 1867ஆம் ஆண்டு தொட்டுத் தேயிலையும் நட்ட மக்களின் நினைவைத் தாங்கி நிற்பவை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். எஞ்சியோர் குறை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வரலாற்றை அறிந்தவர்க்கு, மலையகக் கவிதையில் வரும் ‘வேர்’ என்னுஞ் சொல் செடியின் வேரோடு நின்றுவிடுவதில்லை. தாம் நட்டது வேரூன்றியும் தமக்கு அம்மண்ணில் வேரில்லை என்று சொல்லப்பட்டவரின் துயரமும் அதனுள் கேட்கும். உள்ளுறை உவமம் என்று நம் இலக்கணம் சொல்வது இத்தன்மையதே: கருப்பொருள் வெளியே நிற்க, சொல்லாத பொருள் உள்ளே நிற்கும்.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். உள்ளுறை காணும் ஆர்வத்தால், பனி என்றாற் கண்ணீர், கொழுந்து என்றாற் குழந்தை என எவ்விடத்தும் வலிந்து பொருள் கூறுதல் மற்றொரு பிழை. பனி சிலவிடத்துப் பனியே. கவிதையின் ஏனைய சொற்கள் துணைநிற்கும்போது மட்டுமே உட்பொருள் கொள்ளல் தகும்.

‘அழகைக் கண்டு மகிழ்தலும் குற்றமோ?’ எனச் சிலர் கேட்பர். குற்றமன்று. நானுஓயாவின் பனியும் இறம்பொடையின் அருவியும் எவரையும் மகிழ்விப்பன. அம்மகிழ்ச்சி காட்சியோடு நின்றுவிடாது அங்கு வாழ்வார்மாட்டும் செல்லுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கும் பழைய மாணவர்க்கும் நாம் கூறுவது இது. சங்கக் குறிஞ்சியைக் கற்பிக்கும் வகுப்பிலேயே மலையகக் கவிதையையும் உடன்வைத்துக் கற்பியுங்கள். மலையகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கால், ஒரு நாளேனும் நிரையில் நிற்போரோடு அவர்கள் உரையாட வழி செய்யுங்கள். மலையகத்திலிருந்து வந்து நம்மோடு கற்கும் பிள்ளைகள் உளராயின், அவ்வகுப்பிலே உரை கூறத் தக்கவர் அவர்களே. கவ்வாத்து என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளினும் நிறைந்த பொருளை அவர்கள் தருவர்.