வறுமைக் கணக்கும் மண்டூர் உழவனும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 2012/13 இல் நூற்றுக்கு 19.4 பேர் வறியோராயிருந்தனர் என்றும், 2016 இல் அத்தொகை 11.3 ஆகக் குறைந்தது என்றும் அரசாங்கத்தின் புள்ளிவிபரம் கூறிற்று. இக்கணக்குப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அது சொல்லாமல் விட்டதையே கேட்கின்றோம்.

மீண்டவர் யார்? புதிதாக வீழ்ந்தவர் யார்? பிந்திய பதினொருவரும் முந்திய பத்தொன்பதின்மருள் அடங்கியவரா, அன்றி வேறானவரா? தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வோர் ஆய்வுக்கும் வெவ்வேறு குடும்பங்களைத் தெரிந்தெடுப்பதால், இதற்கு அவ்வேட்டில் விடையில்லை. இருவேறு சாட்சிகள் இருவேறு தவணைகளில் அளித்த வாக்குமூலங்களை இணைத்து, ஒரு மனிதனின் வரலாறென்று எந்த நீதிமன்றமும் கொள்ளாது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. வாவியின் படுவான்கரையில், மண்டூரில், பெரும்போக வேளாண்மையை நம்பிய உழவன் விளைந்த ஆண்டில் வறுமைக் கோட்டுக்கு மேலே நிற்பான். 2011 சனவரியில் வந்தது போன்ற வெள்ளமோ, 2021 இல் வந்த இரசாயன உரத்தடை போன்ற ஆணையோ வந்தால் கீழே வீழ்வான். அவனுக்கு வேண்டியவை பயிர்க் காப்புறுதியும் காலந்தாழ்த்தாத நட்டஈடுமாம். சொந்தக் காணியின்றிக் கூலிக்கு வயல் வெட்டும் குடும்பமோ, விளைந்தாலும் விளையாவிட்டாலும் கோட்டுக்குக் கீழேயே கிடக்கின்றது. அதற்கு வேண்டியவை காணி, நிலையான தொழில், பிள்ளைகளின் கல்வி. இரு நோய்க்கும் ஒரு மருந்து தருவது மருத்துவமாகாது.

2023 இல் சமுர்த்தி உதவிக்குப் பதிலாக வந்த அஸ்வெசும, 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்களைத் தரம்பிரித்தது. அதுவும் கேட்ட நாளின் நிலையையே காட்டும். குடும்பம் ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பதைக் காட்டாது.

செய்யவியலாத காரியமன்று இது. உத்தரப் பிரதேசத்துப் பாலன்பூரில் 1957–58 முதல் 2008–09 வரை, ஊரார் அனைவரின் குடும்பங்களையும் ஆய்வாளர் பலமுறை கணக்கெடுத்தனர். தமிழ்நாட்டு இருவேல்பட்டும் 1916 முதல் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்ட ஊரேயாகும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: போரதீவுப்பற்று உட்பட ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவிலும் ஒரு தொகுதிக் குடும்பங்களைத் தெரிந்து, அதே குடும்பங்களை மூன்றாண்டுக்கொருமுறை, அறுவடைக்கு முன்னும் பின்னும் கண்டு கணக்கெடுக்க வேண்டும். பெயர்களை மறைத்து, முடிவுகளைத் தமிழிலும் வெளியிட வேண்டும். அரசாங்கம் அசையும்வரை கமக்காரர் அமைப்புகள் வாளாவிருத்தல் வேண்டா. கடன், விளைச்சல், கூலி ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரு கொப்பியில் பதிவு செய்க. ஊரின் ஆசிரியரும் கணக்காளரும் துணை நிற்க. உரிமை கேட்டு வாதாடுவோர்க்குச் சான்று கையில் இருத்தல் வேண்டும்.